முற்றிய மேப்பிள் மரத்தைப் போன்சாயாக்க: இங்கிலாந்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

விதை போட்டு மேப்பிள் வளர்த்தால் அடிமரம் மணிக்கட்டுப் பருமன் வருவதற்கே நீண்ட காலம் பிடிக்கும். வீட்டுக்கு முந்தைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன மரமோ, பக்கத்துவீட்டார் வேலி மாற்றும்போது பிடுங்கி எறியப் போகும் மரமோ கிடைத்தால் அந்தக் காலம் மிச்சம். பருமனும் முதிர்ந்த பட்டையும் முதல் நாளே உங்களுக்குக் கிடைத்துவிடும். மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அதற்குப் பத்து வருடம் என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தொடங்கியபோது தமிழில் இதற்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததோ ஒன்றுக்கொன்று முரண். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தென் இங்கிலாந்தின் பருவநிலையை வைத்து எழுதியிருக்கிறேன். ஸ்காட்லாந்துப் பக்கம் இருப்பவர்கள் வசந்தகால வேலைகளை இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: வேர், அடிமரம், கிளை, தொட்டி. கடைசியில் வர வேண்டிய தொட்டியை முதலில் வாங்குகிறவர்களின் மரம் ஐந்து வருடம் கழித்தும் அதே பருமனில், அதே காயத்தோடு நிற்கும்.

1. எந்த மேப்பிள் என்று பாருங்கள்

இங்கே கையில் சிக்குவது பெரும்பாலும் மூன்று வகை. வேலிகளில் தானாக நிற்கும் ஃபீல்ட் மேப்பிள் (ஏசர் காம்பெஸ்ட்ரே), தோட்டங்களில் ஆசையாக வைக்கும் ஜப்பானிய மேப்பிள் (ஏசர் பால்மேட்டம்), போன்சாய் நர்சரிகளில் நிலத்தில் வளர்த்து விற்கும் ட்ரைடென்ட் மேப்பிள் (ஏசர் பர்ஜெரியானம்). முதல் மரத்துக்கு ஃபீல்ட் மேப்பிளைத்தான் சொல்வேன். எவ்வளவு கீழே வெட்டினாலும் பழைய கட்டையிலிருந்து தளிர் விடும், குளிருக்கு அஞ்சாது, பெரும்பாலும் சும்மா கிடைக்கும். ட்ரைடென்ட் வேகமாக வளரும், காயத்தை வேகமாக மூடும். ஆனால் அதன் வேரில் நீர்ச்சத்து அதிகம். தொட்டியில் கடும் உறைபனி பட்டால் வேர் கெடும்.

ஜப்பானிய மேப்பிள்தான் எல்லோருக்கும் ஆசை. அதில் ஒரு பொறி இருக்கிறது. தோட்டக் கடைகளில் விற்கும் பெயர் பெற்ற வகைகள், முக்கியமாகச் சிவப்பு இலை வகைகளும் நார்நாராகக் கிழிந்த இலை வகைகளும், பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பட்டையின் நிறம் மாறுகிறதா, வீக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வடு வருடம் போகப்போக இன்னும் அசிங்கமாகும். அப்படிப்பட்ட மரத்தைத் தோண்டுவதைவிட ஒட்டுக்கு மேலே விண்பதியம் போட்டு எடுப்பது மேல்; அதாவது மரம் நிற்கும்போதே பட்டையை உரித்து அங்கே வேர் விடவைத்து, அதற்குக் கீழே அறுத்து எடுப்பது (பகுதி 7). விதையிலிருந்து வந்த சாதாரணப் பச்சை இலை மரம் கிடைத்தால் விடாதீர்கள்.

சைகமோர், நார்வே மேப்பிள் இரண்டும் நகரெங்கும் முளைத்துக் கிடக்கும். இலையும் கணுவிடையும் பெரிது. அவற்றை விட்டுவிடுங்கள்.

2. மண்வெட்டிக்கு முன் காகிதம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அபராதம் மரத்தின் விலையைவிடப் பல மடங்கு வரும்.

நிலத்துக்காரரின் அனுமதி. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, நிலத்தின் உரிமையாளரோ அதை வைத்திருப்பவரோ அனுமதிக்காமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். சாலையோரம், பூங்கா, ரயில்பாதை ஓரம் எதுவும் விதிவிலக்கு அல்ல; எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. வாய்ச்சொல் போதும் என்று நினைக்காதீர்கள். "இந்த முகவரியில் இருக்கும் இந்த மரத்தை எடுத்துச் செல்ல அனுமதிக்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் வாங்கி, மரத்தின் படத்தோடு சேர்த்து வையுங்கள். வாடகை வீடு என்றால் தோட்டத்து மரம் வீட்டுக்காரருடையது, நீங்கள் எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியிருந்தாலும்.

கவுன்சில் கட்டுப்பாடு. மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை, அதாவது டி.பி.ஓ., இருக்கிறதா, வீடு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பழமை மாறாமல் காக்கக் கவுன்சில் குறித்த பகுதிக்குள், வருகிறதா என்று கவுன்சில் இணையதளத்து வரைபடத்தில் பாருங்கள். தெரியாவிட்டால் மர அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். டி.பி.ஓ. உள்ள மரத்தைக் கவுன்சில் சம்மதமில்லாமல் தொடக்கூடாது. கன்சர்வேஷன் ஏரியாவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரம் 75 மி.மீ. விட்டத்துக்கு மேல் இருந்தால் வேலைக்கு ஆறு வாரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை, காலம்தான் செலவு. பிப்ரவரி கடைசியில் தோண்ட நினைத்தால் புத்தாண்டு கழிந்ததும் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும்.

வேலி மரம். சொந்த வீட்டுத் தோட்ட வேலிக்குச் சிக்கல் இல்லை. வயல்வெளி வேலி என்றால் 1997ஆம் ஆண்டு வேலி விதிகள் குறுக்கே வரும். நிலத்துக்காரர் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டாரா என்று கேளுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பயன்பாட்டில் இருக்கும் கூட்டைக் கலைப்பதும் குற்றம்.

வெளிநாட்டிலிருந்து. ஜப்பான் போய்வரும்போது பெட்டிக்குள் ஒரு கன்று வைத்துக்கொண்டு வரலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். நடுவதற்கான எந்தச் செடிக்கும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மேப்பிளுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம்: அடிமரத்தைக் குடைந்து வாழும் நீள்கொம்பு வண்டின் புழு இறக்குமதி மேப்பிள்களில் வந்து பிடிபட்டிருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வரவழைப்பதற்கும் இதே கதைதான். உள்நாட்டில் இணையம் வழியாக வாங்கும்போது செடியுடன் தாவர பாஸ்போர்ட் சீட்டு வருகிறதா என்று பார்த்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

3. செலவு

மரம் இலவசம் என்பதால் எல்லாம் இலவசம் ஆகிவிடாது. விலைகள் கடைக்குக் கடை மாறும். ஒரு மதிப்புக்குச் சொல்கிறேன். நல்ல மடிப்பு ரம்பம் 20 முதல் 40 பவுண்டு. வெட்டுவாயைக் குழிவாக எடுக்கும் கான்கேவ் கட்டர் 25 பவுண்டிலிருந்து தொடங்கும். ஜப்பானில் செய்தது நூறைத் தாண்டும். முதல் மூன்று வருடத்துக்கு மலிவானதே போதும், ஆனால் கூர்மையாக இருக்க வேண்டும். வெட்டுக் களிம்பு 10 முதல் 15. அகதாமா மண் (போன்சாய்க்கு வைக்கும் ஜப்பானியக் களிமண் குருணை) 14 லிட்டர் மூட்டை ஏறத்தாழ 20 முதல் 30. பெரிய மரத்துக்கு மூன்று நான்கு மூட்டை விழுங்கும் என்பதால் வளர்க்கும் கட்டத்தில் அதில் பணத்தைக் கொட்டாதீர்கள். ப்யூமிஸ் என்ற நுரைக்கல்லும் சலித்த பைன் பட்டையும் கலந்தால் பாதி விலையில் முடியும். தோண்டிய மரத்தை வளர்க்கும் பெட்டியை பில்டர்கள் ஸ்கிப்பில் போடும் பலகையிலேயே அடித்துக்கொள்ளலாம்.

தோண்ட மரமே கிடைக்காதவர்கள் நர்சரியில் நிலத்தில் வளர்த்த தடித்த மேப்பிள் கட்டையை 100 முதல் 500 பவுண்டுக்குள் வாங்கலாம். அந்த விலை எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை. அத்தனை வருடத்தை வாங்குகிறீர்கள்.

4. ஒரு வருடம் முன்பே வேரை வெட்டிவிடுங்கள்

பழைய மரத்தின் அடியில் உறிஞ்சும் சிறுவேர் குறைவு; எல்லாம் தூரத்தில் இருக்கும். நேரே தோண்டினால் கைக்கு வருவது தடித்த வேர்க்கட்டைகள்தான். அவசரமில்லை என்றால், தோண்டப்போகும் வசந்தத்துக்கு ஒரு வருடம் முன், மார்ச்சில், அடிமரத்திலிருந்து 30 முதல் 40 செ.மீ. தள்ளி வட்டத்தின் பாதியை மட்டும் பள்ளமாக எடுத்து வேர்களை வெட்டி, பள்ளத்தைச் சரளையும் கம்போஸ்டும் கலந்து மூடுங்கள். வெட்டிய முனைகளிலிருந்து அந்தக் கலவைக்குள் புதுவேர் பொங்கும். தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் மின்கேபிள், எரிவாயுக் குழாய் போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், அடுத்த வாரம் மரம் போய்விடும் என்றால் இதற்கு நேரமில்லை. ஃபீல்ட் மேப்பிள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஜப்பானிய மேப்பிளுக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

5. தோண்டும் நாள்

மொட்டு வீங்கத் தொடங்கி, விரியாமல் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான் நேரம். தெற்கே அது பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை. மேப்பிளை இந்தக் காலத்தில் மேலே மட்டும் வெட்டினால் சாறு வழிந்துகொண்டே இருக்கும். அந்த அழுத்தம் வேரிலிருந்து வருவது என்பதால், வேரையும் அன்றே வெட்டும்போது ஒழுக்கு மிகக் குறைவு.

மேலே எவ்வளவு விடுவது? அடிமரம் எந்த உயரத்தில் மெலியத் தொடங்க வேண்டுமோ அதைவிட ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மேப்பிள் வெட்டுவாயிலிருந்து கீழே அடுத்த கணு வரை காய்ந்து இறங்கும் வழக்கமுடையது. ஜப்பானிய மேப்பிளில் ஒரு கிளையாவது உயிரோடு இருக்க வேண்டும்.

கீழே நேராக இறங்கும் தடித்த வேரை முழுதும் அறுத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஓடுபவற்றை வைத்துக்கொண்டு, களிமண் ஒட்டியிருந்தால் பாதியைக் கழுவி மீதியை அடுத்த முறைக்கு விடுங்கள். ஆழமற்ற அகலமான மரப்பெட்டியில் வைத்து, ஆடாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். தோண்டிய மரங்கள் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். உரம் வேண்டாம். காற்றில்லாத, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

6. முதல் இரண்டு கோடை: கை வைக்காதீர்கள்

அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் தளிர் கிளம்பும். கை அரிக்கும். எதையும் கிள்ளாதீர்கள். ஏப்ரலில் விட்ட இலை, கட்டையில் மிச்சமிருந்த சேமிப்பிலிருந்து வந்ததாக இருக்கலாம். வேர் பிடித்ததற்கு அது சான்று அல்ல. ஜூன், ஜூலையில் இரண்டாம் முறையாகத் தளிர் நீண்டால்தான் வேர் வேலை செய்கிறது என்று பொருள். அதன்பின் உரம் கொடுங்கள், தாராளமாகவே.

வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன பழம் காய்க்கும்?" என்று கேட்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

7. வேர்த்தளம்

போன்சாய் பார்க்கத் தெரிந்தவர் கண் முதலில் போவது மண்ணோடு அடிமரம் சேரும் இடத்துக்கு. நெபாரி என்பார்கள். மேப்பிளில் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டுபோல அகலும் என்பதுதான் இந்த மரத்தின் பெரிய வரம். அதற்கு மூன்றாம் வசந்தத்தில் மரத்தை எடுத்து, அடியைத் தட்டையாக அறுத்து, ஒரு பலகைமேல் வைத்து, கீழிருந்து ஓரிரு திருகாணியால் அடிமரத்தோடு இறுக்குங்கள். வேர்களைச் சக்கரத்தின் ஆரங்களாக விரித்துச் சிறு ஆணிகளால் இடம் காட்டி மண் மூடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, தடித்து ஓடுபவற்றைக் குறைத்து, மெலிந்தவற்றை விட்டுவைக்க வேண்டும்.

ஒரு பக்கம் வேரே இல்லை என்றால் இரண்டு வழி. அந்த இடத்தில் நாற்று ஒன்றை நெருக்கு ஒட்டாக, அதாவது அதன் வேரோடேயே அடிமரத்தில் பொருத்தி ஒட்டவைத்து, சேர்க்கலாம். அல்லது மே கடைசி, ஜூனில், இலை முற்றியதும், அடிமரத்தைச் சுற்றி விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வேர் ஹார்மோன் தடவி, ஈர ஸ்பாக்னம் பாசி வைத்துக் கட்டலாம். பட்டைக்கு அடியில் உள்ள பச்சைப் படலம் துளியும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் மரம் வேர் விடாமல் பாலம் போட்டுக்கொள்ளும். இதுதான் விண்பதியம்; ஒட்டுவடு உள்ள மரத்துக்கும் இதே வழி.

8. அடிமரத்தின் மெலிவும் பெரிய காயமும்

மூன்றாம் வருடத்திலிருந்து ஏழெட்டு வரை இந்த வேலைதான். வெட்டிய கட்டை உருளையாக, மேலே தட்டையாக நிற்கும். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தளிரைத் தலைவனாகத் தேர்ந்து, இரண்டு மூன்று வருடம் தறிகெட்டு வளர விடுங்கள்; ஆள் உயரம் தாண்டினாலும் கவலையில்லை. அது கீழ்க்கட்டையின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை தடித்ததும், ஓரிரு கணு விட்டு வெட்டுங்கள். அங்கிருந்து அடுத்த தலைவன், எதிர்த்திசையில். இப்படி மூன்று கட்டம் ஏறினால் மரம் அடியில் அகன்று நுனியில் மெலிந்து வரும். குறுக்குவழி ஏதுமில்லை.

பழைய வெட்டுவாயைப் புதுத் தலைவன் பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் சாய்வாக அறுத்து, நடுவைச் சற்றுக் குழித்து, களிம்பு பூசுங்கள். இதற்கு ஜூன்தான் சரியான மாதம். இலை முற்றியிருக்கும், மூடும் வேகம் உச்சத்தில் இருக்கும். பட்டை உருண்டு உள்ளே வரும். பாதியில் நின்றுவிட்டால் அடுத்த ஜூனில் அதன் ஓரத்தைக் கூரான கத்தியால் மெல்லச் சீவி மறுபடி களிம்பு பூசுங்கள். காயம் மிக அகலமாக இருந்தால் முழுதாக மூடாமலே போகலாம். ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தில் செய்வதுபோல அதைக் காய்ந்த மரமாகவே விட்டு அழகு பார்க்க முடியாது. மேப்பிள் கட்டை ஈரத்தில் மக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தைப் பொந்தாக்கி, தண்ணீர் தேங்காமல் வழி விடுவதே புத்தி.

9. கிளைகள்

வேண்டிய இடத்தில் கிளை இல்லாதபோது ஊடுருவு ஒட்டு போடலாம். மொட்டு விரியும் முன், அடிமரத்தில் ஒரு துளை போட்டு, அதே மரத்தின் நீண்ட இளங்கிளையை இலையில்லாமல் உள்ளே நுழைத்து மறுபக்கம் எடுத்து, சந்தில் களிம்பு பூசுங்கள். வெளிவந்த பக்கம், நுழையும் பக்கத்தைவிடத் தடித்துத் தெரிந்தால் ஒட்டிவிட்டது என்று பொருள். அதன் பிறகே தாய்த்தொடர்பை வெட்ட வேண்டும். ஒன்று முதல் மூன்று பருவம் ஆகலாம்.

கம்பி கட்டுவதில் கவனம். மேப்பிளின் பட்டை மெல்லியது. மே மாதத்தில் கட்டிய அலுமினியக் கம்பி சில வாரங்களில் பதிந்துவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள். முறுக்கிக் கழற்றாதீர்கள், வெட்டி எடுங்கள்.

முதல்நிலைக் கிளை தடிக்கும் வரை நீள விட்டு வெட்டு, நீள விட்டு வெட்டு. மேப்பிளில் மொட்டு எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டை மட்டும் வைத்து மூன்றாவதை நீக்குங்கள். இல்லையென்றால் அந்த இடம் முடிச்சாகத் தடிக்கும். ஏப்ரலில் முதல் இலைச்சோடி விரியும்போது நடுக்குருத்தைக் கிள்ளுவதும், ஜூனில் வெளிப்புறத்து இலைகளைக் கழித்து உள்ளே வெளிச்சம் விடுவதும் கடைசிக்கட்ட வேலை. தடிக்க வேண்டிய மரத்தைக் கிள்ளினால் அது தடிக்காது. உரமும் அப்படித்தான்: வளரும் மரத்துக்கு வசந்தத்திலேயே கொடுங்கள், நுணுக்கும் கட்டத்து மரத்துக்கு இலை முற்றும் வரை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கணுவிடை நீண்டுவிடும்.

எப்படி வர வேண்டும் என்று தெரியாமல் கிளை அமைக்க முடியாது. பிர்மிங்ஹாம் தாவரவியல் பூங்காவின் தேசியப் போன்சாய்த் தொகுப்பையோ சர்ரேயில் உள்ள விஸ்லி தோட்டத்துப் போன்சாய்களையோ குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள். இலை உதிர்ந்திருக்கும்போதுதான் கிளையின் உண்மை தெரியும்.

10. தொட்டி

எட்டாம் அல்லது பத்தாம் வருடம். காயம் மூடியிருக்க வேண்டும், கிளை மூன்றாம் பிரிவு வரை வந்திருக்க வேண்டும். அதற்கு முன் வாங்கினால் மரம் வளர்ந்த பிறகு அந்தத் தொட்டி பொருந்தாது. கைவினைத் தொட்டி 50 பவுண்டிலிருந்து 300 வரை போகும்.

11. எதிரிகள்

வைன் வீவில் வண்டின் வெள்ளைப்புழு வேரைத் தின்னும். இலை வாடும்வரை தெரியாது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில், அந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக் கரைசல் ஊற்றுங்கள். ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடி, வெட்டிப் பார்த்தால் கட்டையில் கரும்பச்சை, பழுப்புக் கறை தெரிந்தால் அது வெர்ட்டிசிலியம் வாடல். மருந்து கிடையாது. அந்த மரத்தைத் தொட்ட கருவியைக் கிருமிநாசினியில் கழுவாமல் வேறு மரத்தைத் தொடாதீர்கள். காய்ந்த கிளையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்தால் பவளப்புள்ளிப் பூசணம். நல்ல கட்டை வரை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

லண்டன் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்தது. கூரைநீரைப் பிடிக்க ஒரு பீப்பாய் வையுங்கள், 40 பவுண்டுக்குள் முடியும். ஏப்ரல், மே மாதத்தில் காலம் தப்பிய உறைபனி அறிவிப்பு வந்தால், விரிந்த இலையோடு உள்ள மரத்தைக் கொட்டகைக்குள் தூக்குங்கள். தூக்க முடியாத பெட்டிக்குப் பனி படாமல் மூடும் தோட்டத்துத் துணி (ஃப்ளீஸ்) போதும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மேப்பிளுக்கு உறக்கம் வேண்டும்.

12. ஊருக்குப் போகும் ஆகஸ்ட்

நம்மவர்களின் மரங்கள் சாகும் மாதம் இது. பள்ளி விடுமுறைக்குச் சென்னையோ யாழ்ப்பாணமோ நான்கைந்து வாரம் போய்விடுவோம். பெட்டி மரத்துக்கு வெயில் நாளில் இரண்டு வேளை தண்ணீர் வேண்டும். குழாயில் பொருத்தும் டைமரும் சொட்டுக்குழாயும் 40 முதல் 60 பவுண்டுக்குள் கிடைக்கும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு, ஒவ்வொரு பெட்டியின் மூலையும் நனைகிறதா என்று பாருங்கள். டைமரின் மின்கலம் புதிதாக இருக்கட்டும். ஹோஸ்பைப் தடை வந்தால் சொட்டுநீருக்கு விலக்கு உண்டா என்று உங்கள் தண்ணீர் நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். பூவாளியால் ஊற்றுவதற்குத் தடை இல்லை. சிறிய மரங்களைப் பானையோடு தோட்ட மண்ணில், நிழல்பக்கம் புதைத்துவிட்டுப் போகலாம். பக்கத்துவீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால், "மண் மேலே காய்ந்தால் ஊற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். காய்ந்தது எது என்பதில் ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. காலை எட்டு மணி, மாலை ஆறு மணி என்று எழுதி, பெட்டிக்கு ஒரு பூவாளி என்று அளவும் எழுதி, கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.